மாற்று இணைப்பு

சோதனைக்குப் பெயர் கொடுத்தது எனக்காகத்தான்.
மின்தூக்கியில் ஏறி, பொத்தானை அழுத்தாமல்
ஏன் நகரவில்லை என்று நிற்கிறவன் நான்.
பேரங்காடியில் யாருடைய தள்ளுவண்டியையோ
காசு கட்டும் வரிசைவரை தள்ளிப்போனவன்.
திலகவதி துணைக்கு வந்தாள்.
ஆய்வுக்கு இணையரையும் படம் எடுப்பார்களாம்.
"சரி, நானும் படுக்கிறேன். எத்தனை நிமிடம்?" என்றாள்.

மூன்று வாரம் கழித்து, நொவீனாவில்,
டாக்டர் கோ இரண்டு படங்களைத் திரையில் போட்டார்.
ஒன்று பரவாயில்லை, வயதுக்கேற்ற மூளை.
மற்றது
ஓரமெல்லாம் சுருங்கி, நடுவே கருப்பாய்ப் பள்ளம் விழுந்து,
ஓட்டுக்குள் வற்றிப்போன வாதுமைப் பருப்பு.
நான் தலையைக் குனிந்துகொண்டேன்.
"இது உங்களுடையதில்லை" என்றார்.

நூறிலிருந்து ஏழேழாய்க் கழிக்கச் சொன்னபோது
இரண்டில் வந்து நின்று
"கீழேயும் போகவா?" என்று கேட்டவள் அவள்.
டாக்டர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்,
பெயரும் அடையாள எண்ணும் சரிதானா என்று
மறுபடி ஒருமுறை பார்த்தார்.
"என்ன வேலை செய்தீர்கள்?"

எழுபத்தொன்றில், பதினெட்டு வயதில்,
வெளியூர்த் தொலைபேசி இணைப்பகம். இரவு வேலை.
காதில் ஒரு குரல், கையில் இரண்டு கம்பி,
எதிரே சுவர் முழுக்கத் துளைகள்.
கோலாலம்பூர் அடைத்திருந்தால் ஈப்போ வழியாக.
ஈப்போவும் இல்லையென்றால்
பினாங்குப் பெண்ணிடம் மலாயில் கெஞ்சி,
அவள் தருகிற இரண்டு நிமிடத்துக்குள்
யாரோ ஒருவரின் சாவுச் செய்தியை அனுப்பிவிட வேண்டும்.
பக்கத்து நாற்காலி நியோவிடம் ஹொக்கியன் கற்றாள்,
முதலில் வசவுகளை.
அதுதான் அதிகம் தேவைப்பட்டதாம்.

இயந்திரம் வந்து கம்பிகளைப் பிடுங்கியதும்
இரவு வகுப்பில் கணக்குப்பதிவு,
மடியில் மகனின் காய்ச்சல்.
இப்போதும் செவ்வாய்தோறும் சமூக மன்றத்தில்
மாஜோங் ஆடி, மூன்று சீனப் பெண்களிடம்
நான்கு வெள்ளி ஜெயித்துக்கொண்டு வருவாள்.
அதில் ஒரு வெள்ளி எனக்குக் காப்பி.

"நோய் இருக்கிறது" என்றார் டாக்டர்.
"அடைபட்ட இடத்தை மூளை சுற்றிப் போகிறது.
கையிருப்பு என்று சொல்வோம்."
எத்தனை நாளுக்கு, என்றேன்.
"தெரியாது. தள்ளிப் போடும், தடுக்காது.
தீரும்போது சற்று வேகமாகவே இறங்கலாம்."
அவர் பொய் சொல்லாதது பிடித்தது.
பிடிக்கவும் இல்லை.

சேமநிதி என்றால் எனக்குப் புரியும்.
கப்பல் பட்டறையில் மாதாமாதம் பிடித்தார்கள்,
இருப்பு இவ்வளவென்று ஆண்டுக்கொரு தாள் வரும்.
இவளிடம் யார் பிடித்தது?
எந்த முதலாளி தன் பங்கைப் போட்டான்?
எடுக்கத் தொடங்கிய பிறகுதான்
இப்படியொரு கணக்கு இருந்ததே தெரிகிறது.
கேட்டுப்பார்க்க ஒரு முகப்பும் இல்லை.

ரயில் தாமதம் என்று அறிவித்தார்கள்.
அறிவிப்பு முடிவதற்குள் அவள் படியேறிவிட்டாள்.
"பஸ்ஸில் போகலாம், வாங்க."
தோ பாயோவில் இறங்கி மீன் வாங்கினாள்,
இருபது காசு குறைத்துக் கேட்டாள், குறைத்தான்.
நான் அவளையே பார்த்துக்கொண்டு நடந்தேன்,
கண்ணாடிச் சாமான் தூக்கி வருகிறவன்போல.

மின்தூக்கிக் கதவு மூடியது.
பொத்தான்களுக்கு முன்னால் அவள் விரல் நின்றது.
ஒன்று, எண்ணினேன்.
ஒன்றரை.
எங்கோ ஒரு கம்பி
ஒரு துளையிலிருந்து உருவப்பட்டு
வேறொன்றைத் தேடுகிற நேரம்.
ஒன்பதை அழுத்தினாள்.

"என்ன அப்படிப் பார்க்கிறீங்க?
வீட்டுச் சாவி இருக்கா?"

சட்டைப்பையைத் தடவினேன்.
இல்லை.